ஐம்பது கிலோவுக்குள் மோட்சம்

கொரட்டூர் ஏரிக்கரைப் பக்கம் ஓலை வேய்ந்த ஒரு கிறிஸ்தவ சபை இருந்தது. அங்கே பிரசங்கம் செய்ய வருகிறவர்கள் கடவுளுக்குப் பயந்தார்களோ இல்லையோ, மூன்றாவது பாயில் உட்கார்ந்திருக்கும் பால்ராஜுக்குப் பயந்தார்கள்.

பால்ராஜ் அம்பத்தூர் எஸ்டேட்டில் போல்ட் செய்யும் ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்டர். அவர் கையில் எப்போதும் அளவு பார்க்கும் ஒரு கேஜ் இருக்கும். போல்ட் அதற்குள் சரியாகப் போனால் பாஸ், போகாவிட்டால் சிவப்புத் தொட்டி. முதலாளியின் மச்சானே வந்து கெஞ்சினாலும் சிவப்புத் தொட்டிதான். வெள்ளானூரில் நடவு நட்ட குடும்பத்துப் பிள்ளை. எண்பத்தொன்றாம் வருஷம் கொரட்டூர் ஏரியில் முழுகி ஞானஸ்நானம் எடுத்த நாளிலிருந்து, வாரநாளில் போல்ட்டையும் ஞாயிற்றுக்கிழமையில் உபதேசத்தையும் சோதித்து வந்தார். வேதத்தில் இல்லாததை யாராவது சொன்னால் போதும், மற்றவர்கள் "ஆமென்" சொல்லும் இடத்தில் இவர் எழுந்து நின்று, "அது எந்த அதிகாரம், பிரதர்?" என்பார்.

ஆவடியிலிருந்து ஒருத்தர் வந்து, தான் ஜெபித்த எண்ணெயைத் தலையில் தடவினால் பேய் ஓடும் என்றார். "பேய் ஓடுதோ இல்லியோ, பேன் ஓடும்" என்று பால்ராஜ் அவரை அனுப்பி வைத்தார். பட்டாபிராமிலிருந்து வந்த இன்னொருத்தர் தூக்கத்தில் மோட்சம் போய் வந்ததாகச் சொன்னார். பால்ராஜ் கேட்ட குறுக்குக் கேள்வியில் பாதிப் பிரசங்கத்தோடு பஸ் பிடித்தார். சபையின் பாஸ்டர் எத்திராஜ் ரொம்ப சாது. "பிரதர், டீ குடிக்கிற வரைக்குமாவது அவங்கள உடுங்க" என்று கெஞ்சுவார்.

இப்படிப்பட்ட மனிதர்தான் எண்பத்தேழில் தலைகுப்புற விழுந்தார்.

லோகநாதன் என்றொரு தேவ ஊழியர், ஞாயிறு தொடங்கி அடுத்த ஞாயிறு வரை கூட்டம் நடத்த வந்தார். கர்த்தர் மேகத்தில் வரும்போது விசுவாசிகள் மேலே எழும்புவார்கள் என்றார். அதில் தகராறு இல்லை. அடுத்துச் சொன்னதுதான் வினை. பாவம் சதையில்தான் தங்குமாம். சதை கனத்தால் ஆத்துமாவால் தூக்க முடியாதாம். ஐம்பது கிலோவுக்கு மேலே உள்ளவர்கள் கூரை வரை எழும்பி, திரும்பப் பொத்தென்று விழுவார்களாம்.

சபை மொத்தமும் பால்ராஜைத் திரும்பிப் பார்த்தது. பால்ராஜ் எழுந்திருக்கத் தரையில் கையை ஊன்றினார். அதற்குள் லோகநாதனின் விரல் அவரை நோக்கி நீண்டது.

"அதோ பாருங்க, மூணாவது பாயில ஒரு சகோதரர்! எலும்பும் தோலுமா எவ்ளோ பரிசுத்தமா கீறாரு! மொதல்ல எழும்பப் போறது இவருதான்!"

பிறந்ததிலிருந்து "ஒட்டடைக்குச்சி" என்று மட்டுமே பேர் வாங்கிய உடம்பு அது. பரிசுத்தம் என்று ஒருவரும் சொன்னதில்லை. பால்ராஜ் ஊன்றிய கையை எடுத்து மீசையைத் தடவிக்கொண்டார். "ஆமென்" என்றார். பின்வரிசை வரை நன்றாகக் கேட்டது.

பால்ராஜே ஆமென் சொன்னபிறகு பேச்சென்ன? மறுநாள் காலை ரயில்வே ஸ்டேஷனில், எடை பார்க்கும் மிஷின் முன்னால் சபையே வரிசை கட்டி நின்றது. விழுந்த அட்டையில் ஒரு பக்கம் எடை, மறுபக்கம் ஜோசியம். ஜோசியம் பார்ப்பது பாவமாயிற்றே! ஆளாளுக்கு அந்தப் பக்கத்தை மட்டும் பேனாவால் கிறுக்கி அழித்துவிட்டு, எடையைப் பயபக்தியோடு படித்தார்கள். பால்ராஜ் நாற்பத்தாறு. அவர் மனைவி சுசீலா எழுபத்திரண்டு.

சுசீலா சிரித்த முகக்காரி, தெருவுக்கே குழம்பு கொடுக்கிறவள். அட்டையைப் பார்த்ததும் அவள் முகம் செத்துப்போயிற்று.

"யோவ், நீ பாட்டுக்கு மேல பூடுவ. நான் மட்டும் இங்க குந்திகினு இன்னா பண்ணுவேன்?"

"கொறைச்சிக்க" என்றார் பால்ராஜ், ஏற்கெனவே பாதி வழி போய்விட்டவர் மாதிரி.

அன்றிலிருந்து சபை பட்டினி கிடந்தது. அல்லேலூயா பாதியில் மூச்சு வாங்கியது. பாஸ்டர் எத்திராஜ் ஜெபம் பண்ண முட்டி போட்டு அப்படியே தூங்கிப்போனார். சுசீலா கொள்ளுத் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டு, பக்கத்து வீட்டு மீன் வாசனைக்கு ஜன்னலைச் சாத்தி அழுதாள். சனிக்கிழமை அடிபம்பில் தண்ணீர் அடிக்கும்போது குடத்தோடு சாய்ந்தாள்.

பால்ராஜ் ஓடிப்போய்த் தூக்கப் பார்த்தார். அசைக்க முடியவில்லை. நாற்பத்தாறு கிலோ பரிசுத்தத்துக்கு அவ்வளவுதான் பலம். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் வந்துதான் அவளை உள்ளே கொண்டுபோனார்கள்.

கண் திறந்ததும் சுசீலா ஈனசுரத்தில் கேட்டாள்.

"இயேசு எனக்கும் சேத்துதானய்யா செத்தாரு? நான் குண்டுன்னு அவருக்கு அப்போ தெரியாதா?"

பால்ராஜுக்குச் சுருக்கென்றது. ஏரியில் முழுகின அன்று முதன்முதலாகக் கற்றுக்கொண்ட பாடம் அல்லவா அது? ஊரெல்லாம் பொய்யைத் துரத்தியவர், அது தன்னைப் புகழ்ந்துகொண்டு வந்ததும் பாய் போட்டு உட்கார வைத்துவிட்டார். வெட்கம் தாங்காமல் அவள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார்.

மறுநாள் கடைசிக் கூட்டத்தில் பால்ராஜ் எழுந்து நின்றார்.

"பிரதர், சிலுவையில பக்கத்துல தொங்குனானே ஒரு திருடன், அவன் எத்தினி கிலோ?"

லோகநாதன் வேதத்தை முன்னும் பின்னும் புரட்டினார். "அது... எழுதல."

"இன்னிக்கே என்கூட மோட்சத்துக்கு வான்னு இயேசு கூட்டிகினு போனாரே, நிறுத்துப் பாத்துட்டா கூட்டிகினு போனாரு? அவரு செஞ்சது பத்தாது, நம்ம பட்டினியும் சேரணும்னா, அப்பறம் சிலுவை எதுக்கு? நம்மள காப்பாத்தறது கிருபைங்க, கிலோ இல்ல." பிறகு சபையைப் பார்த்துத் திரும்பினார். "இவரு பொய் சொன்னாரு. தெரிஞ்சும் நான் மீசைய தடவிகினு குந்தியிருந்தேன். ஒல்லின்னு பெருமைப்பட்ட பாவி நான். மன்னிச்சிடுங்க."

பாஸ்டர் எத்திராஜ்தான் முதலில் துள்ளி எழுந்தார். "ஆமென்! டீயோட பன்னும் கொண்டாங்க!" என்று கத்தினார். சபை பன்னை நோக்கிப் பாய்ந்தபோது லோகநாதன் தன் பையைத் தேடிக்கொண்டிருந்தார்.

மத்தியானம் வீட்டில் கறிக்குழம்பு. சுசீலா இரண்டு தட்டு சாப்பிட்டாள். எதிரே பால்ராஜ் சோற்றைத் தொடாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சிட்டியா?" என்று கடைசியில் கேட்டேவிட்டார்.

"ஆண்டவரு உடனே மன்னிச்சிருப்பாரு. எனக்குக் கொஞ்சம் டைம் ஆவும்" என்றாள் சுசீலா. பிறகு அவர் தட்டில் இன்னும் இரண்டு கரண்டி சோற்றைப் போட்டு, மேலே குழம்பை ஊற்றினாள். "நல்லா துன்னு. அடுத்த தபா நான் உழுந்தா நீதான் தூக்கணும்."