சிப்பிக்குப் பின்னால் பஸ் ஸ்டாப்

எங்கள் ஊர் முக்கில் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு சிமெண்டுச் சிப்பியைக் கட்டி, அதன் வாயில் வெள்ளை உருண்டை ஒன்றை வைத்து முத்து என்றார்கள். தூத்துக்குடிக்கே பெருமையாம். எங்கள் பஸ் ஸ்டாப் அதற்குப் பின்னால் மறைந்துபோனது. ஆள் நிற்பது தெரியாமல் டிரைவர்கள் நிறுத்தாமலே போனார்கள். மற்றவர்கள் கத்திக்கொண்டு ஓடி ஏறினார்கள். எனக்குத் தெருவில் சத்தம் போட வராது. பஸ்ஸை விட்டால் நான் வேலை பார்க்கும் இறால் கம்பெனியில் கேட்டைச் சாத்திவிடுவார்கள். அப்படிப் பல நாள் வீடு திரும்பினேன். இனிமேல் தாமதித்தால் வேலைக்கே வர வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

மறுநாள் சிப்பியைத் தாண்டி நடுரோட்டில் போய் நின்றேன். பஸ் கிறீச்சென்று நின்றது.

"ஏளா, சாகதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?" என்றார் டிரைவர்.

"ஸ்டாப்புல நின்னா ஒமக்குக் கண்ணு தெரியல. இங்கன நின்னா தெரியுதுல்லா?" என்றேன்.

"முத்துதான் உருண்டு வந்துட்டுன்னு டிரைவரு பயந்துட்டாரு, யக்கா," என்றார் கண்டக்டர்.

பஸ்ஸே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. டிக்கெட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். ஆனால் கேட் சாத்துமுன் போய்ச் சேர்ந்தேன்.

அதற்குப் பிறகு நான் ஸ்டாப்பில் நின்றதே இல்லை. அந்தச் சிப்பியை என்றைக்கு இடிக்கிறார்களோ, அன்றைக்குப் பார்க்கலாம்.