ஆய்வேடு எங்கே என்று கேட்டார்கள்

இதை எழுதும்போதும் கோபம் அடங்கவில்லை. சபையாரே, மறைக்காமல் சொல்கிறேன்.

எங்கள் ஊர்க் கடலோர வாவியின் நண்டுகளை ஆராய்ந்து கலாநிதி என்கிற டாக்டர் பட்டம் எடுப்பதே என் ஒரே ஆசை. கடற்கரை நாவலடியில் இருந்த வீட்டோடு என் ஆய்வுக் குறிப்புகளையும் சுனாமி கொண்டுபோனது. பிறகு உள்நாட்டுச் சண்டை மறுபடி மூண்டது. தோணியில் வாவிக்குள் போகவே பயம். சண்டை முடிந்த வருடம்தான் மறுபடி படிக்கத் துணிந்தேன்.

எங்கள் ஜெபக் குழுவை நடத்தும் ராஜினி அக்கா விரிவுரையாளர். முதல் பட்டத்துக்கு அடுத்த படியான புதிய முதுமாணிப் படிப்பொன்றுக்கு அவரே பொறுப்பு. கலாநிதிப் படிப்புக்கு அது உதவுமா என்று கேட்டேன்.

"ஓம் புள்ள, நான் ஜெபிச்சுப் பாத்தன். ஆண்டவர் உனக்குத் திறந்த வாசல் இது. கண்ண மூடிக்கொண்டு சேரு."

எங்கள் குழுவில் ஒருவர் 'ஜெபிச்சுப் பாத்தன்' என்றுவிட்டால், அதற்குமேல் கேட்பது அவிசுவாசம். பாடத்திட்டத்தைக்கூட நான் புரட்டவில்லை. மடைச்சி! இரண்டு வருடம் சனி, ஞாயிறெல்லாம் வகுப்பிலேயே போனது.

பிறகு கலாநிதிப் படிப்புக்கு விண்ணப்பித்தேன். "உங்கட ஆய்வேடு எங்க?" என்பதே முதல் கேள்வி. நான் படித்த முதுமாணியில் ஆய்வேடே கிடையாது. திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

வெளியே அக்காவின் தங்கையைக் கண்டேன். அவள் கள்ளமில்லாமல் சொன்னாள்: "அக்கா என்ன அதில சேர விடல்ல. ஆய்வேடு இல்லாட்டி கலாநிதிக்கு எடுக்கமாட்டாங்க எண்டு வேற படிப்புல சேத்துவிட்டா. அவட படிப்பத் தொடங்க ஆக்கள் கணக்குக்கு ஒராள் குறைஞ்சிதாம்."

அந்த ஒராள் நான். தங்கைக்கு உண்மையைச் சொன்ன வாய், எனக்கு ஆண்டவர் பெயரைச் சொன்னது.

வீட்டுக் கதவைச் சாத்தி முழங்காலில் நின்றேன். "ஆண்டவரே, நீருமா?" என்று கத்தினேன். அழுது ஓய்ந்தபின் ஒன்றே கேட்டேன்: இனிமேல் கூச்சப்படாமல் கேட்க எனக்கு வாய் தாரும்.

மறுநாள் காலை பல்கலைக்கழக அலுவலகத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டேன்: "இந்தப் படிப்பில இருந்து கலாநிதிக்குப் போக ஒரு வழியுமே இல்லையா?"

விண்ணப்பம் வாங்கும் லிகிதர் விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டினார். "இருக்கே மிஸ்! இன்னும் ஒரு வருசம் ஆய்வு செய்து ஆய்வேடு குடுத்தாப் போகலாம். இத ஒருத்தரும் வந்து கேக்கல்லயே. விண்ணப்பம் நாளையோட முடியுது."

அங்கேயே நின்று நிரப்பிக் கொடுத்தேன். ஸ்தோத்திரம்! ஆய்வேட்டை முடித்து, இன்று கலாநிதி மாணவியாக வாவியில் தோணி ஏறுகிறேன்.

அக்கா இன்னும் சபையில் முன்வரிசை வாங்கில் இருந்து ஜெபிக்கிறார். அவருடைய ஜெபத்துக்கு ஆமென் சொல்ல என் நாக்கு எழும்புவதில்லை. அதற்காகவும் ஜெபிக்கிறேன்.

பிரியமானவர்களே, நம்பி ஜெபியுங்கள். எழும்பிப் போய்க் கேளுங்கள். கேள்வி கேட்டதற்காக ஆண்டவர் ஒருநாளும் என்னைக் கோபித்ததில்லை.