நாக்கில் வைத்த வேங்கைப் பிசின்

வேங்கைப் பிசினை நாக்கில் வைத்ததும் ஒன்றும் தெரியாது. சற்றுப் பொறுத்துத்தான் உள்வாய் முழுக்கச் சுருங்கும், எச்சில் சிவக்கும். திண்டுக்கல் கடைவீதியில் ஒரு நாட்டு மருந்துக் கடையின் பின்கட்டில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் தொடக்கத்தில் பிசின் பிரித்தவர்கள் நாங்கள் இருவர்தான், அக்காவும் நானும். உடன்பிறந்தவள் அல்ல, என்னைவிட இரண்டு வயது மூத்த குஜிலியம்பாறைக்காரி. துண்டு துண்டாக நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் பிரிப்பாள். "நாக்க இழுக்குதா? அப்பச் சரி" என்பாள். ரத்தத்தை நிறுத்துவது வேங்கையின் துவர்ப்பு. கருவேலம் பிசினுக்கு அது கிடையாது. ஆனால் முற்றிய கருவேலம் பிசின் அதே கருஞ்சிவப்பில் வந்து கண்ணை ஏமாற்றிவிடும்.

ஒரு கிருத்திகையன்று அக்கா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம் இருந்தாள். அன்றைக்கு மட்டும் கண்ணால் பார்த்தே பிரித்தாள். என் நாக்கையாவது நீட்டியிருக்கலாம். அந்தத் துவர்ப்புக்குப் பயந்து சும்மா இருந்துவிட்டேன். மத்தியானம் சின்னாளபட்டி நெசவாளி ஒருவர் பதறிக்கொண்டு வந்தார். மனைவிக்குப் பல் பிடுங்கிய இடத்தில் ரத்தம் நிற்கவில்லையாம். புதிதாகப் பிரித்ததில் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு ஓடினார்.

கை கழுவப் போன அக்கா குழாயடியிலேயே நின்றுவிட்டாள். வேங்கை தொட்ட கையைக் கழுவினால் தண்ணீர் சிவப்பாக ஓடும். அன்று நிறமே இல்லை. விறுவிறுவென்று வந்து முறத்திலிருந்து ஒரு துண்டை வாயில் போட்டாள்.

"ஐயோ அக்கா, விரதம்!"

"வழவழங்குதுடி. கருவேலம்" என்று துப்பினாள். பழைய மூட்டையிலிருந்து எடுத்த வேங்கைப் பிசினையும் நாக்கில் வைத்துப் பார்த்தே பொட்டலமாக மடித்துக்கொண்டாள்.

முதலாளி தடுத்தார். "அதுவும் பிசின்தான, ஒண்ணும் ஆகாது. கேக்கலைன்னா அவரே திரும்பி வருவாரு."

"அம்புட்டு நேரம் அந்தம்மாவுக்கு ரத்தம் போகணுமா மொதலாளி?" என்று கேட்டுவிட்டுப் பஸ் ஏறிவிட்டாள்.

தறிச் சத்தம் கேட்ட தெருவெல்லாம் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறாள். தப்பு தன்னுடையது என்று சொல்லி, தானே பிசினை இடித்துத் துணியில் வைத்துக் கடிக்கக் கொடுத்து, ரத்தம் நிற்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்துவிட்டுப் பொழுது சாயத்தான் திரும்பினாள். சொல்லாமலே விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவளைப் போல ஒருத்தியை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

விரதம் போச்சே என்றேன், ஆற்றாமல். "முருகன்ட்ட நான் சொல்லிக்கிறேன். அந்தம்மாட்ட என்னத்தச் சொல்ல?" என்றாள்.

இன்று கிருத்திகை, நானும் விரதம். மருமகளுக்கு ஈறில் ரத்தம் கசிகிறது என்று மகன் வேங்கைப் பிசின் வாங்கி வந்தான். நன்றாக ஒட்டிய உறை, மேலே அழகாகப் பெயரும் அச்சடித்திருக்கிறது. பிரித்து ஒரு துண்டை எடுத்து என் நாக்கில் வைத்தேன். மருமகள் பதறிப்போய், "அத்தை, விரதம்!" என்றாள். நாக்கு இழுக்கும்வரை நான் வாயைத் திறக்கவில்லை.