பதினான்கு பி

என் அண்ணன் கிளைவ் உயிரோடு இருந்தவரை அவன் மனைவி வெர்னா, மர்ரே என்ற ஆற்றில் ஒரு படகில்கூட ஏறியதில்லை. இத்தனைக்கும் ஆறு அவர்கள் சமையலறை ஜன்னலுக்குக் கீழேயே ஓடுகிறது. வைக்கேரியில், மஞ்சள் பாறை விளிம்பில், ஆரஞ்சுத் தோட்டத்தை ஒட்டிய வீடு. சுற்றுலாக் கப்பல் பின்பக்கத் துடுப்புச் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டு போகும்போதெல்லாம் அவள் ஈரக் கையோடு நின்று பார்ப்பாள். அவன் எழுந்து வந்து திரையை இறக்கிவிடுவான்.

"தினம் பாக்குற தண்ணி. இதக் காசு குடுத்து வேற பாக்கணுமாக்கும்?"

நாற்பத்தொரு வருஷம் இப்படித்தான். கெட்டவன் இல்லை, பிடித்த பிடியை விடாதவன். கூடப் பிறந்தவள், நான் சொல்லலாம்.

மூன்று வருஷத்துக்கு முன் பம்ப் கொட்டகையில் விழுந்து செத்தான். வெர்னா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. வந்தவர்களுக்கு சாண்ட்விச் வெட்டிக் கொடுத்தாள், தட்டுகளைக் கழுவினாள். ஊர் வாயை மூடவா செய்யும்? எனக்கும் மனதுக்குள் ஒரு முள் இருந்ததை மறைக்க மாட்டேன்.

போன இலையுதிர் காலத்தில் அவள் சமையல் மேஜை முழுக்க விளம்பரப் புத்தகங்கள். மகள் ஐரோப்பா போகச் சொன்னாள். பௌலிங் கிளப்பில் ஆளுக்கொரு நாட்டு ஆற்றைச் சிபாரிசு செய்தார்கள். வெர்னா எதையும் காதில் வாங்கவில்லை. "என் ஜன்னல்ல தெரிஞ்ச கப்பல்ல நான் போகணும். ஒரு அறை, எனக்கு மட்டும். அங்கேருந்து நான் ஆத்தப் பாக்கணும். அவ்வளவுதான் ஜாய்ஸ்."

மூன்று கப்பல்களைப் பிடித்து ஒரு மாதம் அலசினாள். ஒன்றில் ஜன்னல் சிறிசு, இன்னொன்றில் சத்தம். கடைசியில் 'லேடி எல்ஸ்டன்' தேறியது. தனியாகப் போனாலும் அறைக்கு இருவர் கட்டணம் கொடுக்க வேண்டும்; அதே கப்பலில் ஜோடியாகப் போனால் ஒருவருக்கு இலவசம். பென்ஷன்காரிக்கு இது எரியுமா எரியாதா? விண்ணப்பத்தில் இரண்டாவது பெயராகக் கிளைவ் என்று எழுதிவிட்டாள்.

"செத்தவன் பேரையாடி எழுதுற?"

"ஏறுற அன்னிக்கு அவனுக்கு ஒடம்பு சரியில்லன்னு சொல்லிட்டாப் போச்சு. உயிரோட இருந்தப்பதான் ஒதவல, இப்பவாவது ஒதவட்டுமே!"

சிரித்தோம். பக்கத்து அறையை எனக்கும் என் தோழி ஒருத்திக்கும் பதிவு செய்துகொண்டேன்.

கப்பல் கிளம்பும் மேனம் துறையில், ஏறும் பலகைக்குப் பக்கத்தில் ஒரு மரப்பலகை. அதில் ஆளுக்கொரு வில்லை, ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் சிவப்பு. உள்ளே வந்தால் வெள்ளை, கரையிறங்கினால் சிவப்பு. ஒரு வில்லை சிவப்பாக இருந்தாலும் கப்பல் கிளம்பாது. வெர்னா தன் அறை எண் போட்ட பதினான்கு ஏ-யைத் திருப்பிவிட்டு, ஒத்திகை பார்த்து வைத்திருந்த பொய்யைச் சொல்ல வாயெடுத்தாள். பயணிகளைக் கவனிக்கும் கெய்லீன் முந்திக்கொண்டாள்.

"ஒங்க வீட்டுக்காரர் அப்பவே ஏறிட்டாரும்மா. பாருங்க."

பதினான்கு பி வெள்ளையாக இருந்தது.

யாரோ கை தவறித் திருப்பியிருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டோம். பொய் மிச்சம் என்றுகூட நினைத்தோம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வெர்னா என் கதவைத் தட்டினாள்.

"நீ வந்து என் ஜன்னல் திரைய எறக்குனியா?"

"எனக்கு வேற வேல இல்லையா?"

"தூக்கிவிட்டுட்டுத்தான் சாப்பிட வந்தேன்."

மேல்தளத்துக்குப் போய்த் திரும்பினால் திரை கீழே. குளித்துவிட்டு வந்தால் திரை கீழே. கயிற்றை ஆணியில் சுற்றிக் கட்டினாள். அதுவும் அவிழ்ந்து கிடந்தது. அவளோடு உட்கார்ந்து நானே காவல் இருந்தேன். அப்போது அசையவில்லை. காபி எடுக்கப் போய்த் திரும்பினோம், அறை இருட்டாக இருந்தது. இரண்டாவது கட்டிலில் ஓர் ஆள் உட்கார்ந்து எழுந்த பள்ளம். வெர்னா பயப்படவில்லை, கோபப்பட்டாள்.

"ரெண்டு நாளாச்சு. என் அறையிலேருந்து ஆறு எப்படித் தெரியும்னே எனக்குத் தெரியாது."

மூன்றாம் நாள் பாறைகளுக்குக் கீழே ஒரு கரையில், பெரிய செங்கோந்துத் தைல மரத்தில் கப்பலைக் கட்டினார்கள். கரையில் இறைச்சி சுட்டுச் சாப்பாடு. இறங்கும்போது வெர்னா தன் வில்லையைத் திருப்பினாள். பிறகு பதினான்கு பி-யையும் சிவப்பாக்கினாள். "எறங்கு கிளைவ்" என்றாள், நாயிடம் சொல்வதுபோல் அல்ல, சாதாரணமாக.

சாப்பிட்டு எல்லோரும் ஏறினோம். பலகை முழுக்க வெள்ளை. பதினான்கு பி மட்டும் சிவப்பு. இந்த முறை அது தானாகத் திரும்பவில்லை. ஊதல் ஊதினார்கள். கெய்லீன் கரையைப் பார்த்து அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். வெயிலில் மரங்கள் அசையாமல் நின்றன. என் அண்ணன் பெயரை அப்படிக் கூப்பிட்டுக் கேட்க என்னால் முடியவில்லை. கேப்டனே இறங்கி வந்தார்.

"ஆள விட்டுட்டுக் கெளம்ப முடியாதும்மா. எங்க போனாரு?"

தேநீர்க் கோப்பையோடு நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெர்னாவின் முகம் செங்கல்லாகச் சிவந்தது.

"அவன் செத்து மூணு வருஷமாச்சு. ரெட்டைக் கட்டணத்துக்கு பயந்து பேர எழுதினேன். வித்தியாசத்தக் கட்டிடுறேன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. கெய்லீன் வெளிறிப்போய், "அப்ப காலையில அஞ்சு மணிக்கு மேல்தளத்துல எங்கிட்ட பாலில்லாத டீ கேட்டது யாரு?" என்றாள். கேப்டன் அவளைப் பார்வையாலேயே அடக்கிவிட்டு, வில்லையைக் கழற்றி வெர்னாவின் உள்ளங்கையில் வைத்தார்.

கயிற்றை அவிழ்க்கப் போன பணியாள் பாதியிலேயே நின்றான். "யார் அவுத்தது? நான் இன்னும் எறங்கவே இல்லியே!"

கயிறு தளத்தின் மேல் கிடந்தது. வலமிருந்து இடமாக வட்டம் வட்டமாகச் சுற்றி, நுனியை உள்ளே செருகி. தோட்டத்து ரப்பர் குழாயை என் அண்ணன் ஒருவன்தான் அப்படிச் சுற்றுவான். வெர்னாவும் பார்த்துவிட்டாள். எங்களுக்கும் கரைக்கும் நடுவே தண்ணீர் அகலமாகிக்கொண்டே போனது. கரையில் ஒருவரும் இல்லை.

வெர்னா கம்பியைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். மூன்று வருஷத்துக்கும் சேர்த்து அழுதாள். நான் தோளைப் பிடித்தேன்.

"நாப்பத்தோரு வருஷத்துல," என்றாள், "நான் கேட்டு அவன் செஞ்ச ஒரே காரியம் இதுதான் ஜாய்ஸ்."