இன்ஜின் இறக்கிய ஞாயிறு

எங்கள் வேனின் இன்ஜினையும் கியர் பாக்ஸையும் வீட்டு ஷெட்டிலேயே இறக்கிவிடலாம் என்று என் கணவர் சொன்னபோது, அவருக்குப் பக்கவாதம் வந்து அரை வருடம் தாண்டியிருந்தது. விழுந்துபோன இடது கையும் காலும் மெல்ல எழுந்துகொண்டிருந்தன. கம்பு இல்லாமல் தெருமுனை வரை நடந்தார். இடது கையால் டம்ளரைப் பிடித்தார். தினமும் காலையில் ஷெட்டுக்குப் போய், ஓடாத வேனில் ஏறி உட்கார்ந்து, அந்தக் கையால் கியரை மாற்றி மாற்றிப் போட்டுப் பழகினார். சமையலறை ஜன்னல் வழியே அந்தச் சத்தம் எனக்குக் கேட்கும்.

அது பானெட் நீண்ட பழைய டீசல் வேன். இராஜபாளையத்துப் பேண்டேஜ் துணி யூனிட்களிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் அதைத் தாண்டியும் பொதி ஏற்றிப்போவது அவர் தொழில். ஓட்டுநர், கிளீனர், மெக்கானிக் எல்லாம் அவரே. நான் அப்படிப்பட்ட ஒரு யூனிட்டில் பேக்கிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவர் வேறொரு வேலையைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "கை கால் தேறட்டும். வண்டி ஓட்டுறதப் பத்தி பொறவு பாக்கலாம்" என்றார். கை தேறிவிட்டால் ஓட்டலாம் என்று அதை நாங்கள் இருவரும் புரிந்துகொண்டோம். வேன் ஏற்கெனவே புகை கக்கிக்கொண்டிருந்தது, கிளட்ச்சும் தேய்ந்திருந்தது. இன்ஜின் வேலையை முடித்துவிட்டால் பொங்கலுக்குள் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்துவிடுவேன் என்றார். அதற்கு முந்தைய மாதங்களில் அவர் சுவரைப் பார்த்தபடியே படுத்திருந்ததை நான் பார்த்திருந்தேன். அதனால் சரி என்றேன்.

என் தம்பி பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்று ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை காலை, பாரம் தூக்குவதற்காகத் தெரிந்த பட்டறையில் இரவல் வாங்கிய செயின் பிளாக்கைச் சாக்கில் கட்டி டவுன் பஸ்ஸில் கொண்டுவந்தான். மழை தூறிக்கொண்டே இருந்தது. மேற்கே மலை இருந்த இடத்தில் மேகம் மட்டும்தான் இருந்தது.

"மச்சான், பட்டாளத்துல லாரி இன்ஜினையே அசால்ட்டா இறக்குவோம். இதெல்லாம் எம்மாத்திரம்?"

"நீ அங்க சமையக்கட்டுலதான இருந்தே? அண்டாவ இறக்கியிருப்ப" என்றார் இவர்.

தம்பி சிரித்தான். அவரும் சிரித்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் முழுதாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

பானெட்டைக் கழற்றிச் சுவரில் சாய்த்தோம். முன்சக்கரங்களுக்குப் பக்கத்தில் மரக்கட்டை அடுக்கி வேனை உயர்த்தினான் தம்பி. இவர் வண்டிக்கு முன்னால் ஸ்டூல் போட்டு, இன்ஜினைப் பார்த்து உட்கார்ந்தார். வலது கையில் ஸ்பேனர். போல்ட் கூடவே சுற்றாமல் மறுமுனையில் எதிர் ஸ்பேனரைப் பிடிப்பதற்கு நான். அவருடைய இடது கை நான்தான் என்று அன்று காலையில் சொல்லிக்கொண்டோம்.

கழற்றிய போல்ட்டுகளை, யூனிட்டில் கழித்த பிளாஸ்டிக் கவர்களில் போட்டேன். ஒவ்வொரு கவரிலும் எந்த இடத்து போல்ட் என்று எழுதித் தட்டில் வரிசையாக வைத்தேன். பேக்கிங்கில் இருந்து வந்த பழக்கம். "இன்ஜினுக்குக் கட்டுப்போடப் போறாளாக்கும்" என்று தம்பியிடம் என்னைக் கேலி செய்தார்.

ரேடியேட்டரைக் கழற்றும்போது ஒரு பக்கத்துப் போல்ட்டுகளை மட்டும் எடுத்துவிட்டு, "தூக்கு மாப்ள" என்றார். தம்பி தூக்கினான், வரவில்லை. குனிந்து பார்த்தான்.

"இந்தப் பக்கத்த உங்க மாமனாரா வந்து கழட்டுவாரு?"

"உனக்குன்னு விட்டு வச்சேன்லே. சும்மா நிக்கிறியேன்னு."

மறுபடியும் சிரித்தோம். நானும்தான். மீதியைத் தம்பி கழற்றினான். பிறகு அவன் வண்டிக்கு அடியில் போனான். பின்சக்கரத்துக்குப் போகிற தண்டையும், கியர் பாக்ஸைத் தாங்கும் சட்டத்தையும் அவன் கழற்ற வேண்டும். மேலே இன்ஜினை வண்டியோடு பிடித்திருக்கும் மவுண்டிங் இரண்டையும் எங்கள் பங்கு என்று இவர் பிரித்துக்கொடுத்தார்.

ஒரு மவுண்டிங்கைக் கழற்றினோம். இறுகிப்போயிருந்தது. அவர் நெற்றியில் வியர்வை வந்தது. நட்டு வெளியே வந்ததும் கவரில் போடச் சொல்லி, ஸ்பேனரைத் துடைத்துக் கீழே வைத்தார்.

"அம்புட்டுதான். எல்லாம் கழண்டுருச்சு."

வண்டி விஷயத்தில் அவர் சொன்ன எதையும் நான் திருப்பிக் கேட்டது கிடையாது. அவருக்கு அது பிடிக்காது, எனக்கும் தேவைப்பட்டதில்லை. இன்னொரு மவுண்டிங்கும் அடியிலிருந்து கழற்றுகிற மாதிரி போலிருக்கிறது, தம்பி பார்த்துக்கொள்வான் என்று நினைத்தேன். தம்பியோ மேலே நாங்கள் முடித்துவிட்டோம் என்று நினைத்தான்.

ஷெட்டின் நடுவில் போகும் இரும்பு கர்டரில் செயின் பிளாக்கை மாட்டினான். இன்ஜினைச் சங்கிலியால் சுற்றிக் கொக்கியில் கோத்தான். ஓரமாக நின்று இழுக்கத் தொடங்கினான். சங்கிலி இறுகியது. இன்ஜின் ஒரு பக்கம் மட்டும் எழும்பியது. மறுபக்கம் வரவில்லை. இவர் ஸ்டூலில் உட்கார்ந்தபடி, "விடாத, இழு, ஒட்டியிருக்கும்" என்றார். தம்பி இழுத்தான். இப்போது இன்ஜினோடு வண்டியே ஸ்டீயரிங் பக்கமாக மேலே வந்தது. அந்தப் பக்கத்து மரக்கட்டை அடுக்கு தளர்ந்து, மேல்கட்டை சரிந்து, அவருடைய இடது பாதத்துக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது.

நான் கத்திக்கொண்டே அவரை ஸ்டூலோடு பின்னால் இழுத்தேன். தம்பி சங்கிலியை விட்டு ஓடிவந்தான்.

"என்ன ஆச்சு? எதுக்கு இழுக்க?" என்றார்.

கட்டை விழுந்த பக்கம் அவர் திரும்பவே இல்லை. சத்தம் எங்கிருந்து வந்தது என்று வலது பக்கம் தேடிக்கொண்டிருந்தார்.

தம்பி வண்டியைப் பழையபடி கட்டையில் உட்காரவைத்தான். இன்ஜினை எட்டிப் பார்த்தான். "மச்சான், மவுண்டிங் கழட்டலையே" என்றான்.

"கழட்டியாச்சுலே."

"இந்தப் பக்கம்?"

"ரெண்டு பக்கமும்தான். உங்கக்காட்ட கேளு."

தம்பி என்னைப் பார்த்தான். நான் தட்டைப் பார்த்தேன். மவுண்டிங் என்று எழுதிய கவரில் ஒரு பக்கத்துச் சாமான் மட்டுமே இருந்தது. எழுதியதும் நான்தான், மூடியதும் நான்தான். கழற்றாமல் நின்றது ஸ்டீயரிங் பக்கத்து மவுண்டிங். வண்டிக்கு அது வலது பக்கம். முன்னால் எதிரே உட்கார்ந்திருந்த அவருக்கு அது இடது பக்கம். ரேடியேட்டரிலும் அவர் விட்டது அதே பக்கம்தான்.

சாப்பாட்டுத் தட்டு ஞாபகம் வந்தது. இடது பக்கம் வைக்கும் பொரியலை மாதக்கணக்காக அவர் தொடுவதில்லை. பிடிக்கவில்லை என்று நினைத்து நான் காயை மாற்றி மாற்றிச் சமைத்தேன். இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே அவர் கவனத்துக்கு வரவில்லை.

"அங்க ஒன்னும் இல்ல. வெறும் இடம்" என்று எட்டிப் பார்த்துச் சொன்னார். பொய் சொல்கிற முகம் இல்லை. அவருடைய வலது கையைப் பிடித்து, இன்ஜினுக்கு மேலாகக் கொண்டுபோய், அந்த நட்டின் மேல் வைத்தேன். விரல்கள் அதைச் சுற்றிவந்தன. முகம் மாறியது.

"இத இப்ப யாரு மாட்டுனா? ஏலே, விளையாடுதியா?"

தம்பி இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான்.

"ஏட்டி, நீயா?"

"யாரும் மாட்டல. நல்லா திரும்பிப் பாருங்க" என்றேன்.

அவர் எழுந்தார். வேனைப் பிடித்துக்கொண்டு உடம்பையே திருப்பி, தலையை உள்ளே நீட்டிப் பார்த்தார். ஸ்பேனர் பட்ட நட்டு பளபளப்பாக இருக்கும், ஓரத்து அழுக்கு உடைந்திருக்கும். இதில் வருடக்கணக்கான எண்ணெயும் தூசியும் அப்படியே படிந்திருந்தன. கட்டைவிரலால் அந்த அழுக்கைச் சுரண்டினார். எங்கள் பேச்சை அவர் நம்பாமல் போகலாம். அந்த அழுக்கை நம்பாமல் இருக்க அவரால் முடியாது.

ஸ்டூலில் திரும்ப உட்கார்ந்தார்.

"இப்படித்தான் எல்லாத்துலயும் இருக்கேனா?" என்று என்னிடம் கேட்டார்.

ஆமாம் என்றேன்.

"ரோட்டுல சைக்கிள்காரன் நமக்கு இடது பக்கம்தான வருவான்" என்றார். பிறகு, "பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைக வர்றதும் அந்த ஓரமாத்தான்."

தம்பி குரலை இறக்கி, "மச்சான், இன்னைக்கு இதோட விட்ருவமா? திரும்பப் பூட்டிருதேன்" என்றான்.

"அந்தரத்துல விட்டுட்டா போவ? ஸ்பேனரக் குடு."

அந்த மவுண்டிங்கை அவரே கழற்றினார். ஒவ்வொரு சுற்றுக்கும் தலையை அந்தப் பக்கம் திருப்ப வேண்டியிருந்தது. திருப்பாவிட்டால் ஸ்பேனர் வேறெங்கோ போனது. நான் எதிர் ஸ்பேனரைப் பிடித்திருந்தேன். அவசரப்படுத்தவில்லை. நட்டு வந்தது.

இரண்டாம் தடவை சங்கிலியை இழுத்தபோது, இன்ஜினும் அதன் வாலில் கியர் பாக்ஸும் சாய்ந்தபடி சிக்கலில்லாமல் வெளியே வந்தன. பாரம் போனதும் வேனின் முன்பக்கம் தானாக உயர்ந்தது. பழைய டயர் ஒன்றின் மேல் இன்ஜினை மெதுவாக இறக்கினான் தம்பி. எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது.

"இன்ஜின் ஹெட்ட ரிப்பேருக்கு எந்த லேத்துப் பட்டறைக்குக் கொண்டுபோக?" என்று கேட்டான்.

"லேத்துக்கு வேண்டாம். ஆலங்குளம் பக்கம் கிணத்துல தண்ணி இறைக்க இந்த மாதிரி இன்ஜின் தேடுவாங்க. ஆளப் பாரு."

"மச்சான், அவசரப்படாதீங்க. டாக்டர்ட்ட ஒரு வார்த்தை..."

"கேளு. கேக்க வேண்டாம்னு சொல்லல. ஆளயும் பாரு."

அவர் வண்டி ஓட்டக் கூடாது என்று ஆசைப்பட்ட இரவுகள் எனக்கு உண்டு. பயத்தில் வந்த ஆசை அது. இப்போது அது நடந்துவிட்டது. எனக்கு நிம்மதியாக இல்லை. தட்டிலிருந்த கவர்களை எல்லாம் ஒரே பையில் போட்டு இன்ஜினோடு கட்டச் சொன்னார். வாங்குகிறவன் போல்ட் தேடி அலையக் கூடாதாம். கட்டினேன்.

தம்பி செயின் பிளாக்கைக் கழற்றிச் சாக்கில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போனான். நான் வாளியில் தண்ணீரும் சோப்புப் பவுடரும் கொண்டுவந்தேன். அவர் வலது கையை முழங்கை வரை தேய்த்துக் கழுவித் துண்டில் துடைத்தார். இடது கை கிரீஸோடு அப்படியே தொங்கியது. அதை எடுத்து வாளிக்குள் வைத்தேன். விரல் விரலாக, நகத்தடியிலும் தேய்த்தேன். அவர் சிரமப்பட்டு முகத்தை இடது பக்கம் திருப்பினார். நான் கழுவி முடிக்கும் வரை அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.