தோட்டப் படத்தின் ஒன்பதாம் எண்

1940களில் அரியலூரில் படங்களுக்குக் கண்ணாடிச் சட்டம் போடும் கடை வைத்திருந்தேன். ஆறாவதோடு படிப்பு நின்றது. கவலை மட்டும் நிற்கவில்லை. அடித்த ஆணி பிடுங்கிக்கொண்டு படம் யார் தலையிலாவது விழுமோ என்று சாப்பாட்டின் நடுவே எழுந்துபோய் ஆணியை ஆட்டிப் பார்ப்பேன்.

வரதராசன்பேட்டைப் பக்கத்து வாத்தியார் ஒருவர் பழைய படம் ஒன்றைக் கொண்டுவந்தார். இருநூறு வருஷத்துக்கு முன் ஹாலந்தில் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்ததாம். அவர் முன்னோர் யாரோ நாகப்பட்டினத்து டச்சுக்காரரிடம் வாங்கியது. படத்தில் ஒரு தோட்டம். பூட்டிய கதவு, சூரியனைப் பார்க்கும் பூ, தொட்டியில் செடிக்குப் பதில் ஒரு இருதயம், அதற்குத் தண்ணீர் ஊற்றும் பெண், பாத்தியில் முள், இன்னும் என்னென்னவோ. ஓரத்தில் அரிவாளோடு, இறக்கை முளைத்த கிழவர். எல்லாவற்றின் மேலும் பொடி எண்கள், ஒன்பது வரை. கீழே நாலு விரல் அகலத்துக்கு எழுத்து.

காலண்டர் சாமி படங்களில் கீழே இருக்கும் கடை விளம்பரத்தை வெட்டிவிட்டுத்தான் சட்டம் போடுவோம். கைப்பழக்கம். இதையும் வெட்டினேன்.

"கீழ இருந்த எழுத்து எங்கய்யா?" என்றார், ரெண்டு மாசம் கழித்துப் படத்தை வாங்க வந்த வாத்தியார்.

"விளம்பரம்தானே சார்..."

"அடப்பாவி! எந்த நம்பருக்கு என்ன அர்த்தம்னு அதுலதான்யா இருக்கு! எங்கப்பா அது தெரியாமலே போய்ச் சேந்துட்டாரு. டச்சு படிக்கத் தெரிஞ்ச சர்ச் சாமியார் ஞாயித்துக்கிழமை வராரு, இப்பப் போயி வெட்டிட்டியே!"

வெட்டிய தாளை நான் எறிவதில்லை; தூசு புகாமலிருக்க அடுத்த படத்தின் முதுகில் ஒட்டிவிடுவேன். அந்த அடுத்த படம், பெரம்பலூர் இட்லிக்கடை அக்காவின் மகாலட்சுமி. பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் பஸ் பிடித்து ஓடினேன்.

"வியாபார நேரத்துல லட்சுமியைக் கழட்டச் சொல்றியே தம்பி, நீ வெளங்குவியா?"

"பின்னாடி மட்டும் பாத்துட்டு மாட்டிடறேன்க்கா."

"ஊரே முன்னாடி நின்னு கும்புடுது. இவரு முதுகைப் பாக்க பஸ் ஏறி வந்திருக்காரு!"

ஈரத்துணி வைத்து உரித்தேன். பசையில் மயில்துத்தம் கலக்காவிட்டால் பூச்சி அரிக்கும். யுத்த காலத்தில் துத்தத்துக்கு எங்கே போவது? கடைசி வரியைப் பூச்சி தின்றிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை என் கடையிலேயே சாமியார் தாளைப் படித்தார். பூட்டு, அடக்கம். பூ, பக்தி. முள், கவலை என்றதும் வாத்தியார் என்னைப் பார்த்தார். ஒன்பதாவதில் ஓட்டை; அது அந்த அரிவாள் கிழவரின் எண்.

"அப்ப இந்தக் கிழவர் யாருங்க சாமி?" வாத்தியாரின் குரல் இறங்கிவிட்டது.

பயத்தில் நான் உளறினேன்: "புல்லு அறுக்க வந்த ஆளா இருக்குங்க."

சாமியார் சிரித்துவிட்டார். "சரியாத்தான் சொல்றான். அவரு காலம். புல்லு, பூவு, நாம, எல்லாத்தையும் அறுக்க வந்த ஆளு."

வாத்தியார் கோபம் ஆறி, படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார். எனக்குத்தான் அன்று முதல், வயலில் யார் அரிவாளோடு குனிந்தாலும் முதுகில் இறக்கை இருக்கிறதா என்று பார்க்காமல் தாண்டிப்போக முடிவதில்லை.