மாஸ்டரின் கைகள்

அந்த உடற்பயிற்சிக் கூடத்தில் எல்லோரும் அவளை மாஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். அவள் ஒரு அதட்டல் போட்டால் தாத்தாவாகிவிட்டவர்கள்கூட முட்டியை இன்னும் கொஞ்சம் உயர்த்துவார்கள். கணவன் மட்டும், "வீட்டுல யாரும் உன் ஸ்டூடண்ட் இல்லம்மா, மெதுவாப் பேசு" என்பான்.

முதலுதவிப் பயிற்சிக்கு அவள் வேண்டாவெறுப்பாகத்தான் போனாள். பயிற்சியாளர்கள் எல்லோரும் அதை முடித்தே ஆகவேண்டும் என்று முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார். சொல்லிக்கொடுக்க ஒரு நர்ஸ் வந்திருந்தார். தரையில் கிடந்த ரப்பர் பொம்மையின் நெஞ்சை மாஸ்டர் அழுத்தியதைப் பார்த்துவிட்டு, "என்னங்க, தடவிக் குடுக்கிறீங்களா?" என்றார்.

"எலும்பு உடைஞ்சிடுச்சுன்னா?"

"உடையலாம். எலும்பு அப்புறம் சேர்ந்துக்கும். நின்னுபோன இதயத்துக்கு அப்புறம்னு ஒண்ணு கிடையாது. நிறுத்தாம அழுத்துங்க."

நாளெல்லாம் ஊரை விரட்டுகிற தனக்கு ஒரு பொம்மையை அழுத்தக் கை வரவில்லையே என்று பஸ்ஸில் வரும்போது அவளுக்கே சிரிப்பு வந்தது.

சில மாதங்கள் கழித்து, ஒரு காலை வகுப்பின் நடுவே தையல்காரர் ஒருவர் விழுந்தார். பல வருடங்களாக வருகிறவர், அதிகம் பேசாதவர். உடற்பயிற்சி சைக்கிளிலிருந்து இறங்கியவர் அப்படியே சரிந்துவிட்டார். "மயக்கம்தான், தண்ணி தெளிங்க" என்றது ஒரு குரல். மாஸ்டர் தோளைத் தட்டிக் கூப்பிட்டாள். பதில் இல்லை. வாய் மட்டும் விட்டுவிட்டுத் திறந்து மூடியது.

"மூச்சு விடுறாரே" என்றார் பக்கத்தில் நின்ற பயில்வான்.

இதயம் நின்றவருக்கு வாய் இப்படித் திறந்து மூடும், அது மூச்சில்லை என்று பயிற்சியில் நர்ஸ் சொல்லியிருந்தார். "நீங்க ஆம்புலன்சுக்குப் போன் போடுங்க" என்று பயில்வானிடம் சொல்லிவிட்டு, மண்டியிட்டு அழுத்தத் தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் உள்ளங்கைக்குக் கீழே ஏதோ முறிந்தது. ஆனால் அவள் நிறுத்தவில்லை. கை ஓய்ந்தபோது பயில்வானைக் குனியவைத்து, "இங்க அழுத்துங்க, நான் எண்ணுறேன்" என்றாள். இருவரும் மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டிருந்தபோது ஆம்புலன்ஸ்காரர்கள் ஷாக் கொடுக்கும் கருவியோடு வந்து சேர்ந்தார்கள்.

தையல்காரர் பிழைத்துக்கொண்டார். கூடத்தில் எல்லோரும் மாஸ்டரைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். அவளுக்கோ அந்த முறிவு கையை விட்டுப் போகவில்லை. வகுப்பில் யாருடைய முதுகையாவது தொட்டு நிமிர்த்த வேண்டியிருந்தால், தொடாமல் வாயாலேயே சொல்லிச் சமாளித்தாள். "நல்லதுதானே பண்ணின, ஏன் இப்படி இடிஞ்சுபோய் இருக்க?" என்று கணவன் கேட்டான்.

ஒரு மத்தியானம், கூடம் காலியாக இருந்த நேரத்தில் தையல்காரர் வந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். பெஞ்சில் மெல்ல உட்கார்ந்தார்.

"எனக்கு அன்னைக்கு நடந்தது ஒண்ணுமே ஞாபகம் இல்ல மாஸ்டர். காலையில செருப்பு மாட்டினது வரைக்கும்தான் இருக்கு. அதுக்கப்புறம் ஆஸ்பத்திரி. நடுவுல என்ன நடந்துச்சுன்னு கொஞ்சம் சொல்லுங்களேன்."

அவள் முதலிலிருந்து சொன்னாள். வேறு யாருக்கோ நடந்ததைக் கேட்பதுபோல அவர் கேட்டுக்கொண்டிருந்தார். எலும்பு உடைந்ததைத் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அதுவா? இருமினா இன்னும் சுளீர்ங்குது" என்றார். பிறகு தயங்கி, "என் முகம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.

"முகத்தைப் பார்க்கவே இல்ல சார். உங்க கண்ணாடி கீழ விழுந்து கிடந்துச்சு. யாராவது மிதிச்சிடப் போறாங்களேன்னு அதையே பார்த்துட்டிருந்தேன்."

அவர் விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவளும் சிரித்தாள், சிரிப்பு பாதியிலேயே அழுகையாக மாறியது. இத்தனை நாளும் அவள் அழுதிருக்கவில்லை. அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

அந்த நிமிடங்களைத் தான் ஒருத்திதான் முழுசாகச் சுமந்துகொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. உரியவரிடமே சொன்ன பிறகு கொஞ்சம் லேசாக இருந்தது.

கிளம்பும்போது, "நாளையிலேர்ந்து நடக்க மட்டும் வரட்டுமா?" என்று கேட்டார்.

மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "முதல்ல டாக்டரைக் கேட்டுட்டு வாங்க. அவர் சரின்னு சொன்னாத்தான் உள்ள விடுவேன்."